உழைக்க முடியாமல் போனால் மாதப் பணம்: எந்தக் கதவைத் தட்டுவது?

விபத்தாலோ நோயாலோ பிறவிக் குறையாலோ வேலைக்குப் போக முடியாதவர்களுக்கு அரசு வழியில் வரும் மாதப் பணம் பற்றிக் கேள்வி அனுப்பச் சொல்லியிருந்தோம். வந்த கடிதங்களைப் பிரித்தால் பலரையும் குழப்புவது ஒரே சொல்தான்: சதவீதம். இஎஸ்ஐ (தொழிலாளர் காப்பீடு) மெடிக்கல் போர்டு போடும் சதவீதம் வேறு, மாற்றுத்திறனாளிகளுக்கான அடையாள அட்டையான யுடிஐடியில் இருக்கும் சதவீதம் வேறு. பிஎஃப் அலுவலகம் சதவீதமே கேட்பதில்லை. ஒன்றை எடுத்துக்கொண்டு போய் மற்றொரு கவுன்டரில் நீட்டினால் "இது செல்லாது" என்றுதான் பதில் வரும். அதைக் கேட்டு, தனக்கு எதுவுமே கிடையாது என்று நினைத்துத் திரும்பிவிடுகிறார்கள்.

கேள்வி: பம்ப்செட் உதிரி பாகம் செய்யும் பட்டறையில் என் வீட்டுக்காரர் பவர் பிரஸ் ஓட்டினார். வலது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் அடியோடு போய்விட்டன. முதலாளி தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்து முழுச் செலவும் பார்த்தார். நல்ல மனிதர்தான். ஆனால் "விபத்துன்னு எழுதினா இன்ஸ்பெக்‌ஷன் வரும், நான் பார்த்துக்கறேன் விடும்மா" என்கிறார். இஎஸ்ஐ அட்டை இருக்கிறது. என்ன செய்வது?
– வாசகி, கோவை

பதில்: அவர் நல்லவராகவே இருக்கட்டும். அவர் கட்டியது ஆஸ்பத்திரி பில். உங்கள் வீட்டுக்காரருக்குச் சேர வேண்டியது ஆயுள் முழுக்க வரும் பணம். இரண்டும் ஒன்றல்ல.

இஎஸ்ஐயில் வேலைக் காயத்துக்கு இரண்டு கட்டமாகப் பணம் உண்டு. காயம் ஆறும் வரை தற்காலிக ஊனப் பயன்: சராசரி தினக்கூலியில் 90 சதவீதம். விபத்து நாளைச் சேர்க்காமல் குறைந்தது 3 நாள் வேலைக்குப் போக முடியாமல் இருந்தால் இது கிடைக்கும். டாக்டர் ஃபிட் சர்டிபிகேட் கொடுத்ததும் இது நிற்கும். அடுத்தது நிரந்தர ஊனப் பயன். இதற்கு நீங்களாக விண்ணப்பிக்க வேண்டும். ஃபிட் சர்டிபிகேட் தேதியிலிருந்து ஒரு வருடத்துக்குள் கிளை அலுவலகத்தில் மனு கொடுத்து, மெடிக்கல் போர்டுக்கு அனுப்பச் சொல்லுங்கள். பலரும் ஃபிட் வாங்கியதோடு முடிந்தது என்று மறுபடி பிரஸ்ஸுக்கு முன்னால் போய் நின்றுவிடுகிறார்கள்.

போர்டு பார்ப்பது 'சம்பாதிக்கும் திறன் எவ்வளவு குறைந்தது' என்பதை. அதற்குச் சட்டத்திலேயே அட்டவணை இருக்கிறது. கட்டைவிரல் போனால் 30 சதவீதம். ஆள்காட்டி விரல் முழுதாகப் போனால் 14, நடுவிரல் 12, மோதிர விரலோ சுண்டு விரலோ 7. ஒரே கையில் இரண்டு விரல் என்றால் 20, மூன்று என்றால் 30, நான்கும் என்றால் 50. ஆள்காட்டிக்கு 14, நடுவிரலுக்கு 12, கூட்டினால் 26 வருமே என்று தோன்றும். 'இரண்டு விரல்' என்று தனி வரி இருப்பதால் உங்களுக்கு வருவது 20.

கணக்கு இப்படி. தினக்கூலி 700 ரூபாய் என்றால் அதில் 90 சதவீதம் 630. அதில் 20 சதவீதம் 126. ஒரு நாளைக்கு 126 ரூபாய், 30 நாளுக்கு 3,780. இது உயிரோடு இருக்கும் வரை வரும். அவர் அதே பட்டறையிலோ வேறு இடத்திலோ வேலை பார்த்துச் சம்பாதித்தாலும் நிற்காது. "வேலைக்குப் போனா பென்ஷன் கட்" என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

இப்போது பே ஸ்லிப்பை எடுத்துப் பாருங்கள். கையில் 700 வாங்கினாலும் இஎஸ்ஐ கணக்கில் 450 என்று காட்டியிருந்தால் கணக்கு 405, அதில் 20 சதவீதம் 81, மாதம் 2,430 என்று இறங்கிவிடும். சந்தா மிச்சம் பிடிக்கக் கூலியைக் குறைத்துக் காட்டுவது பட்டறைகளில் புதிதல்ல. கைக்கு வந்தது எவ்வளவு என்பதற்கு வங்கிக் கணக்கு, கூலிச் சீட்டு, வவுச்சர் எது இருந்தாலும் பத்திரப்படுத்துங்கள்.

விபத்தை எழுதச் செய்வதுதான் முதல் வேலை. விபத்து நடந்தால் முதலாளி 24 மணி நேரத்துக்குள் விபத்து அறிக்கை அனுப்ப வேண்டும். அவர் அனுப்பாவிட்டால் நீங்களே வெள்ளைத் தாளில் எழுதுங்கள்: ஐ.பி. நம்பர் (இஎஸ்ஐ காப்பீட்டு எண்), விபத்து நடந்த தேதி, நேரம், எந்த மெஷின், என்ன வேலை செய்துகொண்டிருந்தபோது, பக்கத்தில் நின்றவர் யார், எந்த ஆஸ்பத்திரி. கிளை மேலாளருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பி, ஒப்புகை அட்டையை வைத்துக்கொள்ளுங்கள். முதலாளி அறிக்கை தரவில்லை என்ற காரணத்தால் உங்கள் உரிமை போய்விடாது. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே விபத்து நடந்திருந்தாலும் வேலைக் காயத்துக்கு இத்தனை நாள் சந்தா கட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனையே கிடையாது.

இதில் வழக்கமாகச் சிக்கும் முடிச்சு ஆஸ்பத்திரி சீட்டில்தான் இருக்கும். கேஸ் வரக்கூடாது என்று கூட வந்த சூப்பர்வைசர் "வீட்டு இரும்புக் கேட்டில் நசுங்கிடுச்சு" என்று சொல்லியிருப்பார். டாக்டர் அப்படியே எழுதியிருப்பார். இஎஸ்ஐ முதலில் கேட்பது அந்த முதல் பக்கத்தைத்தான். டிஸ்சார்ஜ் சம்மரியை இன்றே வாங்கி, 'எப்படிக் காயம்' என்ற வரியைப் படியுங்கள். தவறாக இருந்தால் உடன் வேலை செய்தவர்களின் எழுத்து வாக்குமூலத்தோடு விளக்கக் கடிதம் இணைக்க வேண்டும். நாள் கடந்தால் கூட வேலை செய்தவர்களும் ஊர் மாறிவிடுவார்கள்.

போர்டு போட்ட சதவீதம் குறைவு என்று தோன்றினால் மூன்று மாதத்துக்குள் மருத்துவ மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். அல்லது நேராக இஎஸ்ஐ நீதிமன்றம்.

கடைசியாக, இந்தக் காயத்துக்கு யுடிஐடி அட்டையில் பெரும்பாலும் 40 சதவீதம் வராது. அதனால் மாநில அரசின் உதவித்தொகை கிடைக்காது. அதை வைத்து இஎஸ்ஐயும் கிடைக்காது என்று நினைத்துவிடாதீர்கள்.

கேள்வி: மில்லுக்குள் நடந்தால்தான் இஎஸ்ஐயா? நான் இரவு ஷிப்டுக்கு பைக்கில் போகும்போது லாரி இடித்து முழங்காலுக்குக் கீழே காலை எடுத்துவிட்டார்கள்.
– வாசகர், ராஜபாளையம்

பதில்: வீட்டிலிருந்து வேலைக்குப் போகும் வழியிலோ திரும்பும் வழியிலோ நடந்த விபத்தும் வேலைக் காயமாகவே கருதப்படும். 2010-ல் இஎஸ்ஐ சட்டத்தில் சேர்த்த விதி இது. ஆனால் நேரமும் இடமும் வேலையோடு பொருந்த வேண்டும். ஷிப்டு 10 மணிக்கு, விபத்து 9.30-க்கு, இடம் வழக்கமான சாலை என்றால் சிக்கல் இல்லை. நடுவில் சம்பந்திவீட்டுக்குப் போய்விட்டு வேறு வழியில் வந்திருந்தால் கேள்வி கேட்பார்கள். எஃப்ஐஆர் நகல், அந்த வாரத்து ஷிப்டு பட்டியல், வருகைப் பதிவு, 108 ஆம்புலன்ஸ் அல்லது ஆஸ்பத்திரியின் முதல் பதிவு இவற்றைச் சேருங்கள். கூகுள் மேப்பில் வீடு, மில், விபத்து நடந்த இடம் மூன்றையும் குறித்து ஒரு தாள் அச்சிட்டு வைத்தால் அதிகாரிக்கும் வேலை சுலபம். மற்றபடி படிகள் முந்தைய பதிலில் சொன்னவைதான்.

கேள்வி: ஜவுளிக்கடையில் 7 வருடம் சேல்ஸ்மேனாக இருந்த என் அண்ணனுக்கு ஸ்ட்ரோக் வந்து இடது பக்கம் முழுதும் விழுந்துவிட்டது. 12,000 சம்பளம். இஎஸ்ஐ, பிஎஃப் இரண்டும் பிடித்தார்கள். இது விபத்து இல்லையே, பென்ஷனுக்கு 10 வருடம் வேண்டுமாமே? கடையில் ராஜினாமா எழுதித் தரச் சொல்கிறார்கள். பிஎஃப் பணத்தை எடுத்து வைத்தியம் பார்க்கலாம் என்று இருக்கிறோம்.
– வாசகர், சேலம்

பதில்: இரண்டு கையெழுத்தையும் நிறுத்துங்கள். ராஜினாமாவும் வேண்டாம், பிஎஃப் பணம் எடுக்கும் படிவமும் வேண்டாம். முழுதாகப் படித்துவிட்டுப் பிறகு முடிவு செய்யுங்கள்.

முதலில் இஎஸ்ஐ. சாதாரண நோய்க்கு, போதிய நாள் சந்தா இருந்தால், 91 நாள் வரை கூலியில் 70 சதவீதம் கிடைக்கும். பக்கவாதம் நீண்ட கால நோய்ப் பட்டியலில் உள்ளது. அந்தப் பட்டியலில் மொத்தம் 34 நோய்கள்: புற்றுநோய், காசநோய், சிறுநீரகச் செயலிழப்பு, பார்க்கின்சன் போன்றவை. இவற்றுக்கு 91 நாள் முடிந்த பிறகும் 80 சதவீதம் என்ற கணக்கில், படிப்படியாக நீட்டித்து, இரண்டு வருடம் வரை பணம் வரும். நிபந்தனை: தொடர்ந்து இரண்டு வருடம் இஎஸ்ஐயில் இருந்திருக்க வேண்டும், நான்கு சந்தாக் காலங்களில் (ஒன்று ஆறு மாதம்) குறைந்தது 156 நாள் சந்தா கட்டியிருக்க வேண்டும். 7 வருடக்காரருக்கு இது பெரும்பாலும் இருக்கும். தினக்கூலி 460 ரூபாய் என்று வைத்தால் முதல் 91 நாளுக்கு நாளொன்றுக்கு 322, அதன் பிறகு 368. ஒவ்வொரு சர்டிபிகேட்டும் இடைவெளி இல்லாமல் தொடர வேண்டும். நடுவில் ஒரு வாரம் டாக்டரைப் பார்க்காமல் விட்டால் அந்த வாரப் பணம் போகும். இந்தப் பயனை வாங்கும் காலத்தில் முதலாளி வேலையை விட்டு நீக்கக் கூடாது. ராஜினாமா கேட்பதன் பின்னால் பெரும்பாலும் இதுதான் இருக்கும்.

அடுத்தது பிஎஃப் பென்ஷன், அதாவது 1995-ம் ஆண்டு ஓய்வூதியத் திட்டம். 10 வருடக் கணக்கு வயதான பிறகு வாங்கும் பென்ஷனுக்கு. பணியில் இருக்கும்போது நிரந்தரமாக, முழுமையாக முடங்கிவிட்டவருக்கு ஒரே ஒரு மாதச் சந்தா இருந்தாலும் போதும். அந்த முடக்கம் வேலையில் வந்ததா வீட்டில் வந்ததா என்பது பொருட்டே இல்லை. முடங்கும் நேரத்தில் செய்யக்கூடியதாயிருந்த எல்லா வேலைக்கும் தகுதி இழந்தாரா என்பதுதான் கேள்வி. சதவீதம் எதுவும் விதியில் இல்லை. பிஎஃப் அலுவலகம் மருத்துவக் குழுவுக்கு அனுப்பும், அந்தக் குழு 'ஆம்' அல்லது 'இல்லை' சொல்லும். யுடிஐடி அட்டையைத் துணை ஆவணமாக வைக்கலாம், அதை மட்டும் நம்பிப் போகக் கூடாது.

தொகை: ஓய்வூதியச் சம்பளம் × சேவை வருடம் ÷ 70. உங்கள் அண்ணனுக்கு 12,000 × 7 ÷ 70 = 1,200 ரூபாய். சம்பளம் எவ்வளவு இருந்தாலும் கணக்குக்கு உச்சவரம்பு 15,000. நாலே வருடம் சேவை என்றால் கணக்கில் 685 வரும், ஆனால் குறைந்தபட்ச பென்ஷன் 1,000 ரூபாய். 2014 செப்டம்பரிலிருந்து இந்தக் குறைந்தபட்சம் மாறவில்லை. அரிசி விலைக்கு இது எந்த மூலைக்கு என்று கேட்டால் எங்களிடம் பதில் இல்லை. ஆனால் அவர் காலத்துக்குப் பிறகு மனைவிக்கும், 25 வயது வரை இரண்டு பிள்ளைகளுக்கும் பென்ஷன் தொடரும் என்பதைச் சேர்த்துப் பாருங்கள்.

எங்கே கெடும்? கடைக்காரர் பிஎஃப் தளத்தில் வேலையை விட்ட காரணத்தைப் பதிவு செய்வார். அங்கே 'நிரந்தர முடக்கம்' என்று ஒரு தேர்வு உண்டு. பழக்கத்தில் 'வேலையை விட்டார்' என்பதை அழுத்திவிடுவார்கள். அப்படிப் பதிந்தால் முடங்கியபோது இவர் பணியில் இல்லை என்று ஆகிவிடும். இரண்டாவது, வைத்தியச் செலவுக்காக 10சி படிவத்தில் பென்ஷன் பங்கையும் சேர்த்து எடுத்துவிடுவது. ஏழு வருடத்துக்கு ஒரு சிறு தொகை கைக்கு வரும், அதோடு பென்ஷன் கதவு மூடிவிடும். பிஎஃப் பங்கு வேறு, பென்ஷன் பங்கு வேறு. மருத்துவத்துக்கு பிஎஃப் பங்கிலிருந்து முன்பணம் எடுக்கத் தடையில்லை, பென்ஷன் பங்கைத் தொடாதீர்கள். பென்ஷனுக்குப் போட வேண்டியது 10டி படிவம். பிறந்த தேதி, பெயர் எழுத்து, தந்தை பெயர் மூன்றும் ஆதாரோடு ஒத்துப்போகிறதா என்று படிவம் போடும் முன்பே பாருங்கள். 'முருகேசன்' ஓரிடத்தில், 'முருகேசன் கே' இன்னோரிடத்தில் என்றால் திரும்பி வரும்.

கேள்வி: எனக்கு வயது 52. கிணறு வெட்டும்போது விழுந்து வலது கால் மடக்க முடியாது. அட்டையில் 60 சதவீதம். இஎஸ்ஐ, பிஎஃப் எதுவும் தெரியாத வேலை. உதவித்தொகைக்கு எழுதினேன். "உனக்கு மகன் இருக்கானே" என்று வி.ஏ.ஓ. திருப்பி அனுப்பிவிட்டார். மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் கூலி. எனக்கு ஒரு ரூபாய் தருவதில்லை.
– வாசகர், பெரம்பலூர் மாவட்டம்

பதில்: நீங்கள் கேட்பது வருவாய்த் துறையின் ஆதரவற்ற மாற்றுத்திறனாளிகள் உதவித்தொகை. 2023 ஜனவரியிலிருந்து மாதம் 1,500 ரூபாய். குறைந்தது 40 சதவீதக் குறைபாடு இருக்க வேண்டும், அது உங்களிடம் இருக்கிறது. திட்டத்தின் பெயரிலேயே 'ஆதரவற்ற' என்று இருப்பதால்தான் மகனைப் பற்றிய கேள்வி எழுகிறது. மகன் இருப்பது ஒன்று, ஆதரவு இருப்பது வேறொன்று. அதைக் காகிதத்தில் காட்ட வேண்டும்.

வாயால் திருப்பி அனுப்பியது கணக்கில் வராது. இ-சேவை மையத்தில் ஆன்லைனில் பதியுங்கள். விண்ணப்ப எண் வந்துவிட்டால் பிறகு யாரும் அதைக் கிடப்பில் போட்டாலும் எங்கே நிற்கிறது என்று பார்க்கலாம். கொண்டு போக வேண்டியவை: யுடிஐடி அட்டை, ஆதார், ரேஷன் கார்டு, வங்கிப் பாஸ்புக், புகைப்படம். இவற்றோடு மகன் எந்த ஊரில், எத்தனை வருடமாக, என்ன வேலையில் இருக்கிறார், குடும்பச் செலவுக்குப் பணம் அனுப்புவதில்லை என்பதை ஒரு தாளில் எழுதிச் சேருங்கள். வி.ஏ.ஓ.வும் வருவாய் ஆய்வாளரும் (ஆர்.ஐ.) விசாரிக்க வருவார்கள். பக்கத்து வீட்டார் இரண்டு பேரிடம் முன்பே விஷயத்தைச் சொல்லி வையுங்கள். முடிவு எடுப்பவர் சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி தாசில்தார். வி.ஏ.ஓ. பரிந்துரைப்பவர் மட்டுமே.

இதற்காக அவசரமாகத் தனி ரேஷன் கார்டு எடுத்து, ஒரே அடுப்பில் சமைத்துக்கொண்டு 'தனிக் குடித்தனம்' என்று எழுதச் சொல்லும் தரகர்கள் உண்டு. வேண்டாம். விசாரணையில் ஒரு பொய் தெரிந்தால் உண்மையான பாகமும் நம்பப்படாது.

நிராகரித்தால் காரணத்தோடு எழுத்தில் கேளுங்கள். அதை வைத்துக்கொண்டு கோட்டாட்சியரிடம் மேல்மனு கொடுக்கலாம். திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுத்து ரசீது எண் வாங்கலாம். முதல்வரின் உதவி எண்ணான 1100-க்கும் பேசலாம். மனுவில் விண்ணப்ப எண்ணைப் போடுங்கள். எண் இல்லாத மனு மறுபடி அதே வி.ஏ.ஓ.விடம்தான் வந்து சேரும்.

கேள்வி: என் தம்பிக்கு 34 வயது, மனவளர்ச்சிக் குறைபாடு, 70 சதவீதம். நான்தான் பார்த்துக்கொள்கிறேன். தாலுகா ஆபீஸ் மூலம் 1,500 வருகிறது. அடுத்த தெருப் பையனுக்கு 2,000 வருகிறதே, எப்படி?
– வாசகி, திருவண்ணாமலை மாவட்டம்

பதில்: அது வேறு துறைப் பணம். மாற்றுத்திறனாளிகள் நலத் துறை தரும் பராமரிப்பு உதவித்தொகை, மாதம் 2,000. எல்லோருக்கும் கிடையாது. மனவளர்ச்சி குன்றியோர், தசைச்சிதைவு நோயாளிகள், தொழுநோயிலிருந்து குணமானவர்கள் ஆகியோருக்கு 40 சதவீதம் போதும். முதுகுத்தண்டு பாதிப்பு, பார்க்கின்சன், மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் உள்ளவர்களும் இதில் வருவார்கள். மற்ற வகைக் குறைபாடு என்றால் கடுமையாகப் பாதிக்கப்பட்டவராக, குறைந்தது 75 சதவீதம் இருக்க வேண்டும். உங்கள் தம்பி இந்தப் பட்டியலில் நேராகவே வருகிறார்.

விண்ணப்பிக்க வேண்டிய இடம் தாலுகா ஆபீஸ் இல்லை, மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம். இரண்டு உதவித்தொகையும் ஒரே நேரத்தில் வாங்க முடியாது. 1,500 வருவதை மறைக்காமல், 2,000 அனுமதியானதும் அதை விட்டுவிடுகிறோம் என்று விண்ணப்பத்திலேயே எழுதுங்கள். மறைத்து இரண்டையும் வாங்கினால் ஆதார் எண் காட்டிக்கொடுக்கும், வாங்கியதைத் திருப்பிக் கட்டச் சொல்வார்கள். அதிக உதவி தேவைப்படுபவரைப் பார்த்துக்கொள்பவருக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் திட்டமும் அதே அலுவலகத்தில் இருக்கிறது. உங்களுக்காக அதையும் கேளுங்கள்.

வங்கியில் தம்பியின் கையெழுத்து பிரச்சினையாகும். 1999-ம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின்படி, கலெக்டர் தலைமையிலான உள்ளூர்க் குழு உங்களைச் சட்டப்படியான பாதுகாவலராக நியமிக்கலாம். மனவளர்ச்சிக் குறைபாடு, ஆட்டிசம், மூளை முடக்குவாதம், பல்வகைக் குறைபாடு இந்த நான்குக்கும் இது பொருந்தும். 18 வயது தாண்டியவருக்கு அப்பா அம்மாவே ஆனாலும் தானாகப் பாதுகாவலர் ஆகிவிட மாட்டார்கள். பெற்றோர் இருக்கும்போதே இந்தச் சான்றை வாங்கி வைப்பது நல்லது.

கேள்வி: என் அம்மாவுக்குக் கண்ணில் 40, காலில் 30. கூட்டினால் 70. அட்டையில் 57 என்று போட்டிருக்கிறார்கள். டாக்டர் கூட்டலில் தப்பா?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: தப்பில்லை. இரண்டு குறைபாட்டை நேராகக் கூட்ட மாட்டார்கள். பெரிய சதவீதத்தை வைத்துக்கொண்டு, மீதி உடம்பில் சின்னது எவ்வளவு பாதிக்கிறது என்று பார்ப்பார்கள். 90-லிருந்து பெரியதைக் கழித்து, சின்னதால் பெருக்கி, 90-ஆல் வகுத்து, பெரியதோடு சேர்ப்பது சூத்திரம். 90 – 40 = 50; 50 × 30 ÷ 90 = 16.67, அதோடு 40 சேர்த்தால் 56.67, அதாவது 57. 40-ஐத் தாண்டியதால் மஞ்சள் அட்டை வரும். 80-ஐத் தொட்டால் நீலம், 40-க்குக் கீழே வெள்ளை.

கேள்வி: மூன்று மாதமாக என் உதவித்தொகை வரவில்லை. தாசில்தார் ஆபீஸில் "போட்டாச்சு" என்கிறார்கள், பேங்கில் "வரலை" என்கிறார்கள்.
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: இரண்டு பேரும் உண்மை சொல்லக்கூடும். அண்மையில் மகளிர் குழுவுக்கோ சிலிண்டர் மானியத்துக்கோ வேறு வங்கியில் கணக்குத் தொடங்கினீர்களா? புதுக் கணக்கில் ஆதாரை இணைத்தால், ஆதார் வழியாக வரும் அரசுப் பணம் கடைசியாக இணைத்த கணக்குக்கே போகும். உங்கள் பணம் அந்தக் கணக்கில் பத்திரமாக உட்கார்ந்திருக்கலாம். ஆதார் தளத்தில் 'வங்கி இணைப்பு நிலை' என்ற பகுதியில் எந்த வங்கி என்று தெரியும். இ-சேவை மையத்திலும் பார்க்கச் சொல்லலாம்.

அங்கேயும் இல்லையென்றால் அட்டையைப் பாருங்கள். உங்கள் சான்று 'தற்காலிகம்' என்று இருந்து, செல்லும் தேதி முடிந்திருந்தால் பணம் நிற்கும். அறுவை சிகிச்சைக்குப் பின், மனநோய்க்கு, குழந்தைகளுக்கு இப்படித் தேதி போட்டுத் தருவது வழக்கம். தேதி முடிய மூன்று மாதம் இருக்கும்போதே மறுபரிசோதனைக்கு விண்ணப்பித்துவிட வேண்டும். மூன்றாவது காரணம் நேரில் சரிபார்க்க வந்த நாளில் வீட்டில் இல்லாமல், 'ஆள் இல்லை' என்று எழுதிப் போயிருப்பது. மகள் வீட்டுக்கு நாலு மாதம் போனால் வி.ஏ.ஓ.விடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போங்கள்.

கைரேகை விழாததால் வங்கி முகவர் திருப்பி அனுப்பியிருந்தால், கருவிழி அல்லது முகப் பதிவில் எடுக்கலாம். அதுவும் முடியாவிட்டால் வங்கிக் கிளைக்கே போய்ப் பணம் எடுக்கும் சீட்டில் வாங்கலாம். தேய்ந்த ரேகைக்குப் பணத்தை மறுக்க விதி இல்லை.

கேள்வி: நான் அரசுப் பணியில் ஓட்டுநர். சர்க்கரை நோயால் பார்வை போய்விட்டது. "மெடிக்கலா அன்ஃபிட், வி.ஆர்.எஸ். எழுதிக் கொடுத்துடுங்க" என்கிறார்கள். இன்னும் 9 வருட சர்வீஸ் இருக்கிறது.
– வாசகர், மதுரை

பதில்: எழுதிக் கொடுக்காதீர்கள். 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், பிரிவு 20(4): பணிக்காலத்தில் குறைபாடு ஏற்பட்ட அரசு ஊழியரை நீக்கவோ பதவி இறக்கவோ கூடாது. பார்த்த வேலைக்குத் தகுதி இல்லையென்றால் அதே சம்பள விகிதம், அதே பணிப் பலன்களோடு வேறு பணிக்கு மாற்ற வேண்டும். அப்படி ஒரு இடம் இல்லையென்றால், இடம் கிடைக்கும் வரை அல்லது ஓய்வு வயது வரை, உபரிப் பணியிடம் உருவாக்கி வைக்க வேண்டும். அரசு நிறுவனங்களுக்கும் இது பொருந்தும். யுடிஐடி அட்டை எடுத்து, பிரிவு எண்ணைக் குறிப்பிட்டு மாற்றுப் பணி கேட்டு மனு கொடுங்கள். ஆனால் நீங்களாக விருப்ப ஓய்வு எழுதிவிட்டால் இந்தப் பாதுகாப்பைக் கேட்பது மிகக் கடினம். பதில் வராவிட்டால் மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையரிடம் முறையிடலாம்.

கேள்வி: கட்டட வேலைக்காரர்களுக்கு எதுவுமே இல்லையா? சாரத்திலிருந்து விழுந்து ஒரு கை போய்விட்டது.
– வாசகர், கள்ளக்குறிச்சி

பதில்: கட்டுமானத் தொழிலாளர் நல வாரிய அட்டை இருந்தால் விபத்து ஊன உதவியும் முடக்க ஓய்வூதியமும் உண்டு. அட்டை புதுப்பித்திருக்க வேண்டும், புதுப்பிக்கும் தேதி கடந்திருந்தால் அதை முதலில் சரிசெய்யுங்கள்.

அதோடு வங்கிப் பாஸ்புக்கை மே மாதக் கடைசிப் பக்கத்தில் திறந்து பாருங்கள். 20 ரூபாய் கழிந்திருக்கிறதா? (பழைய வருடங்களில் 12 ரூபாய்.) அது பிரதமரின் விபத்துக் காப்பீடு. கணக்குத் தொடங்கும்போது பல வங்கிகளில் கையெழுத்து வாங்கிச் சேர்த்துவிடுகிறார்கள், வாடிக்கையாளருக்கு ஞாபகமே இருக்காது. 18 முதல் 70 வயது வரை செல்லும். ஒரு கையோ ஒரு காலோ ஒரு கண்ணோ போனால் 1 லட்சம், இரண்டும் போனால் 2 லட்சம். மாதப் பணம் இல்லை, ஒரே தொகை. விபத்து நடந்த 30 நாளுக்குள் அந்த வங்கிக் கிளையிலேயே க்ளெய்ம் படிவம் கொடுக்க வேண்டும். சாரத்திலிருந்து விழுந்ததற்குக் காவல் நிலையப் பதிவு இல்லையென்றால், ஆஸ்பத்திரிப் பதிவேட்டின் நகலில் விழுந்த விவரம் தெளிவாக இருக்கட்டும். நாள் கடந்துவிட்டாலும், ஆஸ்பத்திரியில் இருந்த தேதிகளைக் காட்டித் தாமதத்துக்குக் காரணம் எழுதிக் கொடுத்துப் பாருங்கள். கொடுத்ததற்கு வங்கி முத்திரையோடு நகல் வாங்காமல் வெளியே வராதீர்கள்.